ஸ்ரீக்கு நான்கு இடம்

ஓட்டையை அடைப்பது பூங்கோதையின் வேலை இல்லை. ஓட்டை எவ்வளவு பெரியது என்று சொல்வதுதான் வேலை. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் அந்தக் கம்பெனியின் நாலாவது மாடியில் அவளுடைய பிரிவுக்கு ஏதோ ஒரு நீளமான பெயர்ப்பலகை தொங்கியது. கேன்டீனில் எல்லோரும் ஓட்டைப் பிரிவு என்றுதான் சொன்னார்கள். "உங்கள் மென்பொருளில் இன்ன இடத்தில் கோளாறு" என்று வெளியாள் யாராவது எழுதினால் அது அவளிடம் வரும். பத்துக்கு இத்தனை என்று அவள் மதிப்பெண் போடுவாள். ஏழைத் தாண்டினால் அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும், வாங்கியவர்கள் அத்தனை பேருக்கும் சொல்ல வேண்டும், டிவிக்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். ஏழுக்குள் அடங்கினால் அடுத்த பண்டிகைப் பதிப்பில் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம். பூங்கோதை வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு தடவைகூட ஏழு போட்டதில்லை. நிர்வாகத்தில் அவளுக்கு நல்ல பெயர்.

கம்பெனி விற்றது ஒரே ஒரு பொருள். பெயர், துணை. மூளைக்காய்ச்சல் ஊரைச் சுற்றி வந்துபோன வருஷங்களில் பிழைத்தவர்கள் பலருக்கு ஞாபகம் தங்காமல் போனது. தூங்கி எழுந்தால் நேற்றுச் சாப்பிட்டது போகும், கட்டிய புருஷன் முகம் போகும், சொந்தப் பெயரே போகும். காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவுக்குத் துணையைப் பொருத்திவிட்டால் அது எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். கண் விழித்ததும் முதல் வேலையாக, "உன் பெயர் இன்னது" என்று உள்ளுக்குள் சொல்லும். அதைப் பிடித்துக்கொண்டு மற்ற ஞாபகமெல்லாம் ஒவ்வொன்றாக வரும். தினம் ஒரு தடவை செல்போனுக்குப் போடுகிற மாதிரி யூஎஸ்பி வயரைச் செருகிச் சார்ஜ் போட வேண்டும். அவ்வளவுதான்.

சட்டமும் அந்தப் பெயரைத்தான் பிடித்துக்கொண்டது. துணை போட்டவரிடம் போலீஸோ ஆஸ்பத்திரியோ முதலில் பெயரைக் கேட்கும். அவர் சொல்கிற பெயர் கம்பெனிப் பதிவோடு ஒத்துப்போனால் சுயபுத்தியோடு இருப்பவர், எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஒத்துப்போகாவிட்டால் பதிவில் உள்ள காப்பாளர் கையில் ஒப்படைத்துவிட வேண்டும். காப்பாளர் என்றால் பெரும்பாலும் புருஷன்.

ஆடி மாதம் அறவாழி என்பவரிடமிருந்து மெயில் வந்தது. ஈரோட்டுக்காரர், தனியாக ஆராய்ச்சி செய்பவர். இப்படி எழுதுகிறவர்களில் பாதிப் பேர் மிரட்டுவார்கள், மீதிப் பேர் காசு கேட்பார்கள். இவர் மரியாதையாக எழுதியிருந்தார். துணைக்குள் இருக்கும் யூஎஸ்பி நூலகத்தில், அதாவது வயர் வழியாகப் பேசுகிற நிரலில், ஒரு கசிவு, நீங்கள் சரிசெய்யும்வரை வெளியில் சொல்ல மாட்டேன், நன்றிப் பட்டியலில் என் பெயரைத் தலைப்பெழுத்தோடு பிழையில்லாமல் போட்டால் போதும் என்றார். எவ்வளவு தங்கமான மனுஷன் என்று பூங்கோதைக்குத் தோன்றியது.

அன்றே மேலாளர் சடகோபன் அறையில் கூட்டம். கூட்டம் என்றால் அவரும் அவளும்தான்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா. எது கசியுது?"

"சார், வயரைச் செருகினதும் எதிர்ப்பக்கம் இருக்கற சார்ஜரோ லேப்டாப்போ 'உன் பேர் என்ன'ன்னு கேக்கும். துணை பேரைச் சொல்லும். யூஎஸ்பின்னா அதுதான் முறை. நம்ம நூலகம் பேரை மட்டும் சொல்லாம, மெமரியில பேருக்குப் பக்கத்துல இருக்கறதையும் சேர்த்துப் படிச்சுக் குடுத்துடுது."

"ஏன் அப்படிப் பண்ணுது?"

பூங்கோதை கொஞ்சம் தயங்கினாள். "ஸ்ரீயாலதான் சார்."

சடகோபன் நிமிர்ந்தார். அந்தக் கதை அவருக்கு நன்றாகத் தெரியும். துணை வந்த புதிதில் ஸ்ரீபதி என்ற பெரியவரை அது "ஸ" என்று கூப்பிட்டது. வெறும் ஸ. அவருடைய பிள்ளைகள் ஸ்ரீரங்கத்திலிருந்து வேன் பிடித்து வந்து கம்பெனி வாசலில் கத்தினார்கள். நமக்கு ஸ்ரீ ஓரெழுத்து, கம்ப்யூட்டருக்கு அது நான்கு துண்டு, நான்கு இடம் வேண்டும். அப்போது நூலகத்தைத் திருத்தியவர் சடகோபனேதான். இனி எந்தத் தமிழ்ப் பெயரும் சிதையக் கூடாது என்று எழுத்துக்கு நான்கு இடம் ஒதுக்கி, எழுத்தை எண்ணி நான்கால் பெருக்கி, அத்தனை இடத்தையும் படித்துக் கொடு என்று எழுதிவிட்டார். அதற்காக அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். போட்டோ இன்னும் ரிசப்ஷனில் மாட்டியிருக்கிறது.

"எல்லா எழுத்துக்கும் நாலு இடம் தேவைப்படலை சார். அவர் மெயில்ல உதாரணமா வனஜான்னு ஒரு பேர் குடுத்திருக்கார். மூணெழுத்து. நாம பன்னிரண்டு இடத்தைப் படிச்சுக் குடுக்கறோம். ஆனா 'வ'வுக்கு ஒண்ணு, 'ன'வுக்கு ஒண்ணு, 'ஜா'வுக்கு ரெண்டு, ஆக நாலு போதும். மிச்சம் எட்டு இடத்துல வேற சரக்கு வருது."

"என்ன சரக்கு?"

"போட்டிருக்கறவங்க அந்த நிமிஷம் என்ன நினைக்கறாங்களோ அது."

சடகோபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எட்டு இடம்னா ஒரு வார்த்தைகூட முழுசா வராதே."

"ஒரு தடவை கேட்டா வராது. திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டே இருந்தா?"

"சாதாரண சார்ஜர் இதையெல்லாம் சேர்த்து வைக்குமா?"

"வைக்காது. லேப்டாப்ல விஷயம் தெரிஞ்ச ஆள் சேர்த்து வச்சாத்தான் உண்டு."

"ஆக, வயரைக் காதுக்குப் பின்னால செருகணும். பக்கத்துலயே உக்காந்திருக்கணும். வழியில போறவன் எவனும் பண்ண முடியாது. அப்படித்தானே?"

"ஆமா சார். வீட்ல இருக்கறவங்க மட்டும்தான் பண்ண முடியும்."

அதைச் சொல்லும்போது அவளுக்கு எதுவும் உறுத்தவில்லை. மதிப்பெண் போடும் விதி அப்படித்தான் இருந்தது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் தாக்கலாம் என்றால் ஒன்பது, பத்து. தொட்டால்தான் தாக்க முடியும் என்றால் இரண்டு, மூன்று. அவள் மூன்று போட்டாள். காரணம் என்ற கட்டத்தில், "வீட்டாரால் ஆபத்து இல்லை" என்று எழுதினாள். சடகோபன், "கரெக்டா எழுதியிருக்கே" என்றார். தீபாவளிப் பதிப்பில் சரிசெய்வது, அதுவரை எல்லோருக்கும் வாய்ப்பூட்டு என்று முடிவானது. வாய்ப்பூட்டு போட்ட சமாச்சாரத்தை வெளியே சொன்னால் வேலை போகும், வழக்கும் வரும்.

இரண்டு நாள் கழித்துக் கோப்பை மூடி வைக்கும் முன்னால்தான் அறவாழி அனுப்பியிருந்த ஆதாரத்தைப் பூங்கோதை நிதானமாகத் திறந்து பார்த்தாள். "என் சொந்தச் சோதனைக் கருவியில் எடுத்தது" என்று மேலே குறிப்பு இருந்தது. சோதனைக் கருவி என்றால் அதில் "சோதனை சோதனை" என்றுதான் இருக்கும். மனுஷர் யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

இதில் அப்படி இல்லை.

வனஜாஉப்பு போ
வனஜாபுளி கரை
வனஜாஉப்பு போ
வனஜாகதவு தாழ
வனஜாஅக்கா கி
வனஜாஉப்பு போ
வனஜாநினைக்கக

கடைசித் துண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நினைக்கக் கூடாது. அதற்குப் பிறகு பக்கம் பக்கமாக உப்பும் புளியும்தான். யாரோ ஒரு பெண் தலையில் வயரோடு உட்கார்ந்து, எதையோ நினைத்துவிடக் கூடாதே என்று சமையலாக நினைத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். எதிரில் ஒருவன் அவளிடம் பெயரைக் கேட்டுக்கொண்டே இருந்தான். ஆயிரக்கணக்கான தடவை.

பதிவில் தேடினாள். வனஜா, ஈரோடு. காப்பாளர்: கணவர், மு. அறவாழி.

பூங்கோதை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டாள். சடகோபனிடம் ஓடினாள்.

"சார், மதிப்பெண்ணை ஏத்தணும். இது சோதனைக் கருவி இல்ல. பொண்டாட்டி தலை."

அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம்மா அது. நாம யாரு நடுவுல? ஏழுக்கு மேல போட்டா ஊர் பூரா தெரியும். தெரிஞ்சா, வீட்ல லேப்டாப் வச்சிருக்கற ஒவ்வொருத்தனும் இதையே பண்ணுவான். இப்ப ஒருத்திதான். நீ ஏத்தினா லட்சம் பேர். யோசிச்சுப் பாரு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பாழாய்ப்போன நியாயம், எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு பெண்ணின் தலையில்தான் போய் இடித்தது.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு, அறவாழி வேலைக்குப் போயிருப்பான் என்று கணக்குப் போட்டு, மாடிப்படியில் நின்றுகொண்டு பதிவில் இருந்த வனஜாவின் நம்பருக்குப் போன் செய்தாள். தைரியசாலி என்று அவளை யாரும் சொன்னதில்லை. அன்றைக்கு என்னவோ செய்துவிட்டாள்.

"வனஜாங்களா? துணை கம்பெனியில இருந்து பேசறேன். உங்க வீட்டுக்காரர் சார்ஜ் போடும்போது…"

"படிக்கறாருங்க," என்றாள் வனஜா. குரலில் ஆச்சரியமே இல்லை. "தெரியுமுங்க. எம்மனசுல நெனச்சதை மக்யாநாளு அவரு வாயில கேப்பனுங்க. அதான் சார்ஜ் போடறப்ப சமையலையே நெனச்சுக்குவேன். உப்பு, புளி, கதவு தாழ்ப்பாளு, இப்படி. பழகிப்போச்சுங்க."

"அக்கான்னு ஒரு துண்டு வந்துருக்கு."

"திண்டுக்கல்லுல இருக்காளுங்க எங்கக்கா. ஆவணி பொறந்ததும் அங்க போயிரலாம்னு இருக்கறனுங்க. அவருக்குத் தெரிஞ்சா என்ன பண்ணுவாருன்னு சொல்ல முடியாது. போன தடவை விரலை ஒடிச்சாரு. கேட்டா, நீயா கதவுல நசுக்கிக்கிட்டே, ஞாபகமில்லையான்னாரு. கேஸ் குடுக்கப் போனா ஸ்டேஷன்லயும் அதையே சொன்னாங்க." சட்டென்று அவள் குரல் மாறியது. "ஐயோ, அம்மிணி, நீங்க எதுக்குங்க போன் பண்ணுனீங்க?"

"எச்சரிக்கத்தான்…"

"ஒரு மாசமா அடக்கி வெச்சிருந்தனுங்களே. இன்னைக்குச் சாயந்திரம் வயரைச் செருகுனா எனக்கு உப்பா நெனப்புல வரும்? உங்க போன்தானுங்க வரும். கம்பெனில இருந்து ஒரு அம்மா பேசுனாங்கன்னு வரும். நீங்க மறந்துருவீங்க. எனக்கு மறக்கற வழி இல்லீங்களே, மிஷின் மறக்காதுங்களே!"

இப்படியும் ஆகும் என்று பூங்கோதைக்குத் தோன்றவே இல்லை. எத்தனையோ ஓட்டைகளை அளந்தவள். சொன்னாலே பெரிதாகிற ஓட்டையை அன்றுதான் பார்த்தாள்.

அப்போதுதான் ஸ்ரீ ஞாபகம் வந்தது. நான்கு இடத்தையும் முழுசாக நிரப்புகிற எழுத்து. மிச்சம் இல்லை, கசிவும் இல்லை.

"வனஜா, கேளுங்க. துணையோட ஆப்ல பேருங்கற இடத்துக்குப் போங்க. வனஜாவை அழிச்சுட்டு ஸ்ரீன்னு போடுங்க. வெறும் ஸ்ரீ. அப்புறம் யார் எத்தனை தடவை கேட்டாலும் ஸ்ரீ மட்டும்தான் வெளிய வரும். போட்டுட்டு இப்பவே திண்டுக்கல் பஸ்ஸைப் பிடிங்க. ஆவணி வரைக்கும் இருக்காதீங்க."

"ஸ்ரீங்களா? அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

சிறிது நேரம் தட்டுகிற சத்தம் கேட்டது. "போட்டுட்டனுங்க," என்றாள் வனஜா. பிறகு லேசாகச் சிரித்தாள். "சாமி பேராட்டம் நல்லாத்தான் இருக்குது. உங்க பேரென்னங்க?"

பூங்கோதை சொல்லவில்லை. வாய்ப்பூட்டு. "வச்சிடறேன், கிளம்புங்க," என்றாள்.

அன்று மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கியது. மனசு லேசாக இருந்தது. ஒரே எழுத்தில் ஒரு பெண்ணைக் காப்பாற்றியாயிற்று என்று உள்ளூர ஒரு பெருமைகூட வந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சடகோபன் அவளை அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் போன், ஸ்பீக்கரில் இருந்தது. "போலீஸ். யாரோ பேஷன்ட் பேரைச் சரிபார்க்கணுமாம். நீயே பேசிடும்மா."

"மேடம், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் அவுட்போஸ்ட்ல இருந்து பேசுறேன். ஈரோட்டுல வீட்டுக்காரரு மத்தியானம் சாப்பிட வந்து பாத்துட்டு, காணோம்னு கம்ப்ளைன்ட் குடுத்துருக்காரு. அந்தம்மா இங்கதான் இருக்கு. அக்கா வீட்டுக்கு வந்தேன்னு சொல்லுது, அக்காவும் கூடத்தான் நிக்கிது. போறதுன்னா போகட்டும், எங்களுக்கு ஒண்ணுமில்ல. ஆனா பேரைக் கேட்டா ஒத்துவர மாட்டேங்குது."

போனுக்குள் பின்னால் ஒரு பெண் கத்துவது கேட்டது: "எந்தங்கச்சிங்க அவ! ஏ வனஜா, சொல்லு சாமி, உம்பேரு வனஜான்னு சொல்லு!"

இன்னொரு குரல், காலையில் கேட்ட அதே குரல், தூக்கம் கலையாமல் சொன்னது: "நான் ஸ்ரீயுங்க. யாருங்க வனஜா?"

பஸ்ஸில் தூங்கியிருக்கிறாள். கண் விழித்ததும் துணை தன் முதல் வேலையைச் செய்திருக்கிறது. உன் பெயர் ஸ்ரீ. மற்ற ஞாபகம் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. ஆப்பில் மாற்றினால் கருவியில் மாறும். கம்பெனிப் பதிவில் மாற வேண்டும் என்றால் காப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். பத்து வருஷமாக அந்த விதியோடு குடித்தனம் நடத்திய பூங்கோதை, காலையில் அவசரத்தில் அதை மறந்துபோனாள். துணை போடாதவர்களுக்கு மறக்கிற வசதி உண்டு.

"சொல்லுங்க மேடம். உங்க ரெகார்டுல பேரு என்ன? ஸ்ரீன்னு இருந்தா இப்பவே அக்கா கூட அனுப்பிடுறேன்."

ஸ்ரீ என்று சொன்னால் போதும். பெரிய பொய்கூட இல்லை. பெயரை இன்று மாற்றினார்கள், மாற்றச் சொன்னது நான்தான் என்று உண்மையையே சொன்னாலும் போதும். சடகோபன் எதிரில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தேகமெல்லாம் இல்லை. டீ ஆறுகிறதே என்கிற பார்வைதான். ஏன் மாற்றச் சொன்னாய் என்று கேட்பார். அந்தப் பெண்ணுக்குக் கசிவு எப்படித் தெரியும் என்று கேட்பார். வேலை, வழக்கு, பத்து வருஷ நல்ல பெயர் எல்லாம் கண்முன் வந்தன. திண்டுக்கல்லில் நிற்கிற பெண்ணின் முகம் வரவில்லை. அதை அவள் பார்த்ததே இல்லை.

"வனஜா," என்றாள் பூங்கோதை.

"அப்ப பேரு தெரியாத கேஸ். காப்பாளர்கிட்ட ஒப்படைச்சிடுறோம். தேங்க்ஸ் மேடம்."

அக்கா அலறியதில் பாதிதான் கேட்டது. லைன் துண்டிக்கப்பட்டது. "பாவம்," என்றார் சடகோபன், டீயை எடுத்துக்கொண்டே. "நல்லவேளை, புருஷன் பொறுப்பான ஆளா இருக்கான்."

புரட்டாசியில் அறவாழியிடமிருந்து இரண்டாவது மெயில் வந்தது. முன்பைவிட மரியாதையாக இருந்தது. "தாங்கள் இந்தக் கசிவுக்கு மூன்று மதிப்பெண் இட்டிருப்பதாக அறிகிறேன். பணிவுடன் மறுக்கிறேன். ஸ்ரீ என்று பெயரிட்டால் கசிவு நின்றுவிடுவதைச் சமீபத்தில் தற்செயலாகக் கண்டேன். அதிலிருந்து, பெயரைத் தகுந்தபடி தேர்ந்தெடுத்தால் கசிவைக் கூட்டவும் முடியும் என்று புரிந்தது. காப்பாளர் என்ற முறையில் முறைப்படி கையெழுத்திட்டுப் பெயரை மாற்றிச் சோதித்தேன். ஆதாரம் இணைத்துள்ளேன்."

சடகோபன் அசந்துபோனார். "ஒரே இடம் பிடிக்கற எழுத்தா வரிசையா அடுக்கிட்டான் பாரு! எழுத்துக்கு மூணு இடம் மிச்சம். முழு வாக்கியமே வருது. இது மூணு இல்லம்மா, எட்டு. வெளிய போறதுக்குள்ள நாமளே அறிவிச்சிடலாம். தீபாவளி வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே சரிபண்ணச் சொல்றேன். என்ன மூளை! இந்த மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான் நம்ம பொருள் பத்திரமா இருக்கு."

பூங்கோதை ஆதாரத்தைத் திறந்தாள்.

கககககககககககககககககஒரு அம்மா போன் பண்ணாங்க பேரை மாத்துங்கன்னாங்க நல்லவங்க

அடுத்த வரியும் அதேதான். அதற்கடுத்ததும். உப்பில்லை, புளியில்லை. தினமும் காலையில் ஒரு பெண் கண் விழிக்கிறாள், உன் பெயர் கககககக என்று அவள் காதுக்குள் ஒன்று சொல்கிறது. இனி எந்தப் போலீஸ் கேட்டாலும், எந்த ஆஸ்பத்திரி கேட்டாலும், அவளால் வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரு பெயர் இல்லை. பதிவில் முறைப்படி அதுதான் பெயர். நூலகத்தைச் சரிசெய்தால் கசிவு நிற்கும். பெயர் மாறாது. அதைப் பழையபடி மாற்றக் காப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும்.

"யாரோ ஒரு அம்மா போன் பண்ணாங்களாம்," என்றார் சடகோபன், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. "சொந்தக்காரங்களா இருக்கும்."

"இருக்கும் சார்," என்றாள் பூங்கோதை.

அறவாழி அந்த வரியைப் பற்றி மெயிலில் ஒரு வார்த்தைகூட எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. யார் படிப்பார்கள் என்று தெரிந்துதான் அனுப்பியிருந்தான். கடைசியில் மட்டும் முன்பு கேட்டதையே திரும்பக் கேட்டிருந்தான். நன்றிப் பட்டியலில் பெயர் தலைப்பெழுத்தோடு வர வேண்டும், சிலர் கவனக்குறைவாகப் பெயரை மாற்றிவிடுகிறார்கள்.

சடகோபன் முன்னாலேயே நின்றார். "போட்டுடும்மா. முதல் இடத்துல போடு."

அவள் மதிப்பெண்ணை எட்டு என்று மாற்றினாள். முதல் தடவையாக ஏழைத் தாண்டினாள். காரணம் என்ற கட்டத்தில் பழைய வரி அப்படியே இருந்தது. அதை அழிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பிறகு நன்றிப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துத் தட்டினாள்.

மு. அறவாழி.

பெயர் சிதையாமல் வந்தது.